சேர்ந்து நடக்க வேண்டாம் என்றேன்

டென்மார்க்கின் தெற்கு ஓரத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்தால் பத்து நிமிடத்தில் ஜெர்மன் எல்லை வந்துவிடும். கொரோனா தொடங்கி அந்த எல்லையை மூடிய வசந்தத்தில், ஒடென்சேயில் என் பல்கலைக்கழகமும் மூடிவிட்டது. நான் ஊருக்கு வந்து, அம்மா வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். சுற்றுவட்டார முதியோர் இல்லங்களின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வரும்.

ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒருமுறை உதறி, காயவைத்துத் தேய்க்கும் சூடான உருளைக்குள் ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒருவர் முந்தினால் துணி கோணலாகிவிடும். ஆகவே எல்லோரும் “ஒன்று, இரண்டு” என்று எண்ணித்தான் விடுவோம். எண்ணாமல் விடுகிறவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இருவரும் சீனப் பெண்கள். சீனாவின் வேறு வேறு மூலைகளிலிருந்து இந்த ஊர் உணவகம் ஒன்றுக்குச் சமையல் வேலைக்கு வந்து, கொரோனாவுக்கு வெகு முன்பே அது பூட்டுப்பட்டபின் இங்கே வந்தவர்கள். உறவு எதுவும் இல்லை. ஆனாலும் தங்கள் மொழியில் அக்கா, தங்கச்சி என்றே கூப்பிடுவார்கள். ஒரே கட்டிடத்தில் குடியிருந்து, ஒன்பது வருடமாக ஒன்றாகவே வேலைக்கு நடந்து வந்தார்கள். அக்கா எப்போதும் வாகனங்கள் போகும் பக்கம், தங்கச்சி உள்பக்கம்.

அந்த வசந்தத்தில் தங்கச்சிக்குத் தும்மலும் சளியுமாகத் தடிமன் பிடித்தது. தடிமன் என்றால் மற்றவர்களுக்குத் தொற்றாமல் முகக்கவசம் போடுவது அவர்களுடைய வழக்கம், அது மரியாதை. எங்கள் ஊரில் அப்போது ஒருவரும் போடுவதில்லை. போட்டிருந்தவளைப் பார்த்து ஊர் பயந்தது, பிறகு சிரித்தது. கடையில் விலகி நின்றார்கள். பள்ளிக்கூடம் இல்லாமல் சதுக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த பெடியன்கள், “பார், ரெண்டு கொரோனா கைகோத்துக்கொண்டு வருது” என்று இருமிக் காட்டினார்கள்.

இடைவேளையில் அக்கா என்னிடம் டேனிஷில் சொன்னாள்: “மூடினாலும் பேச்சு, திறந்தாலும் பேச்சு. வேற முகம் எந்தக் கடையிலையாவது விக்கினமோ, தம்பி?” ‘தம்பி’ மட்டும் தமிழ். அம்மா பழக்கிவிட்ட சொல்.

அம்மா பெருமையோடு சொன்னார்: “என்ர பெடியன் படிச்சவன். அவனைக் கேளுங்கோ, சொல்லுவான்.”

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். யாராவது கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கொரு நினைப்பு. பள்ளியில் நானும் இன்னொரு தமிழ்ப் பெடியனும் சேர்ந்து நடந்தால்தான் நக்கல் அடிப்பார்கள். ஒருநாள் நான் அவனை விட்டு விலகி நடந்தேன். எனக்கு நக்கல் நின்றது. அதைத்தான் அவர்களுக்கும் சொன்னேன்.

“கொஞ்ச நாளைக்குச் சேர்ந்து நடக்காதேங்கோ. தனிய ஒரு ஆள் போனால் கண்ணில படாது. ஒராள் சதுக்கத்தால, மற்றவ ரெயில் பாதைப் பக்கத்தால.”

தங்கச்சி அக்காவைப் பார்த்தாள். “அவன் படிச்சவன்” என்றாள் அக்கா.

நான்காம் நாள் காலை அக்கா மட்டும் உருளையின் முன் நின்றாள். தன் முனையைப் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுமுனை ஈரம் சொட்டத் தரையில் கிடந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ரெயில் பாதையோர வழியில் அதே பெடியன்கள் தங்கச்சியை மறித்து, சாப்பாட்டுப் பையைப் பறித்து எறிந்து, தள்ளியிருக்கிறார்கள். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தப் பாதையில் கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

“நாங்கள் இஞ்ச வந்த புதுசில கடைக்குக் கூட நாலு பேராத்தான் போறனாங்கள்” என்றார்.

“அப்ப ஏனம்மா அண்டைக்குச் சொல்லேல்லை?”

“நீ படிச்சனி. நீ சொல்லேக்க நான் என்னத்தைச் சொல்ல?”

மறுநாளிலிருந்து அம்மா அக்காவோடு நடந்து போனார். தங்கச்சியின் கை எலும்பு பொருந்தியது, ஆனால் ஈர விரிப்பைத் தூக்கும் பலம் திரும்பவில்லை. கோடை முடிவதற்குள் அவள் சீனாவுக்கே போய்விட்டாள். புறப்பட்ட அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். நல்ல கையால் என் தோளைத் தட்டி, “நீ நல்லதுக்குத்தான் சொன்னனி” என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சில வாரங்களில் பஸ்ஸில் முகக்கவசம் கட்டாயமானது. அந்தப் பெடியன்களும் போட்டுக்கொண்டு ஏறினார்கள்.

ஒடென்சேக்குத் திரும்பும்வரை தங்கச்சியின் முனையை நான்தான் பிடித்தேன். அக்கா என்னைக் குறை சொன்னதே இல்லை. விரிப்பை உதறியதும் ஒரு கணம் தாமதிப்பாள். பிறகு, ஒன்பது வருடம் தேவைப்படாததை, எனக்காக டேனிஷில் மெதுவாகச் சொல்வாள்: “ஒன்று, இரண்டு.”