ஐந்து மணிக்கு எழுப்பியவள்

நான் வைத்திக்குப்பத்தில் பிறந்தவள். அம்மா விடியுமுன்பே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வருவாள். எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு மேல் ஒருவர் பாயில் படுத்திருந்தால் அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

கல்யாணமாகி லாஸ்பேட்டைக்கு வந்ததும் என் கணவரையும் ஐந்துக்கே எழுப்பினேன். அவர் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். "கொஞ்சம் நடந்துட்டு வாங்க, சுறுசுறுப்பா இருக்கும்" என்பேன். மறுபேச்சு பேசமாட்டார். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராமல் புரண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். சீக்கிரம் எழுந்து பழகினால் சீக்கிரம் தூக்கம் வரும் என்று நம்பினேன். ஆறு வருஷம் எழுப்பினேன்.

பொழுது சாய்ந்தால்தான் அவருக்குப் பேச்சே வரும், சிரிப்பு வரும். பிறகு அதுவும் குறைந்தது. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளியிலிருந்து போன்: சார் இன்னும் வரவில்லையே. தேடிப் போனேன். ஏர்போர்ட் ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங்க?"

"போக முடியல. கண்ணு முழிச்சாலே செத்துடலாம்னு இருக்கு. சாயங்காலமானா போயிடுது. மறுநாள் திரும்ப வந்துடுது."

அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சில பேருக்கு உடம்போட கடிகாரமே தள்ளித்தான் ஓடும். அது சோம்பேறித்தனம் இல்ல. வருஷக்கணக்கா அதுக்கு எதிரா இழுத்தா மனசும் களைச்சுப் போகும். அது ஒண்ணுதான் காரணம்னும் சொல்லமாட்டேன்."

கடைசி வாக்கியம் எனக்காகச் சொன்னது. என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

மாத்திரை தொடங்கியது. பள்ளி வேலையை விட்டுவிட்டு மாலை நேர டியூஷனுக்கு மாறினார். ஒரு வருஷத்தில் தேறிவிட்டார். ஆனால் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் தூங்குகிறார், அவர் வீடு திரும்பும்போது நான் தூங்கிவிடுகிறேன். ஒரே வீட்டில் இருந்தும் ஞாயிறுகளில்தான் முகம் பார்த்துப் பேசுகிறோம்.

அப்படி ஒரு ஞாயிறு கேட்டேன். "எழுப்பாதன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?"

"காலைல உன் மூஞ்சில அவ்வளோ சந்தோஷம் இருக்கும். அதைக் கெடுக்க மனசு வரல."

இப்போதெல்லாம் அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சமைக்கிறேன். காலையில் மிக்ஸி போடுவதில்லை.