மூன்று முறை மலையேறிய பெர்னிஸ்

பெர்னிஸ் டெஸ்ஜார்லே, பனிநாட்டுக் கரிபூ மான்களுக்காக நாங்கள் போட்ட வேலியின் காவல்காரி. அதற்கு முன் இருபது வருடம் மரம் வெட்டும் முகாமில் சமைத்தவர்.

"அப்ப காட்ட வெட்டுனவனுக்கு ஆக்கிப் போட்டேன். இப்ப காடு பறிபோன மானுக்குப் போடுறேன்" என்பார்.

மார்ச்சில் சினை மான்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து, ஓநாய் அண்டாமல் வேலிக்குள் விடுவோம். மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கும் பாசியைப் பறித்துக் கொடுப்போம். ஜூலைக் கடைசியில் திறந்துவிட்டால் குட்டிகளோடு மலையுச்சிக்குப் போய்விடும். கோடைக்கு அவற்றின் இடம் அதுதான்.

அந்த வருடம் பதினொன்று போயின. பன்னிரண்டாவது, குட்டியோடு பாசி மூட்டைமேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது.

ஆராய்ச்சி அலுவலகத்து இங்க்ரிட் பெர்னிஸிடம் போனில் கேட்டார்.

"இன்னும் கீழயா இருக்கு? ஆகஸ்ட்ல மேல இருக்கணுமே."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் மேடம். தேதி தெரியாத மாதிரி நடிக்குது."

மானை விரட்ட ஓநாய்த் தோலைப் போர்த்திக்கொண்டு பெர்னிஸ் உறுமினார். மான் வந்து தோலின் காதை நக்கியது. கடைசியில் பாசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினார். மான் பின்னால் போனது. குட்டி அதன் பின்னால். ஆறு மணி நேரம். உச்சியில் பாசியைக் கொட்டிவிட்டு இறங்கினால், இரண்டும் கூடவே இறங்கி வந்துவிட்டன.

மறுநாளும் அதே கதை.

"நான் கூட்டிட்டுப் போறேங்க்கா" என்றேன்.

"உன் பின்னால வராது. உங்கிட்ட சிகரெட் நாத்தம். மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாத, மான்கிட்ட பழகக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்காங்க."

மூன்றாம் முறை, ஈத்தொல்லைக்குத் தப்பி மற்ற மான்கள் ஒரு பனித்திட்டில் நின்றிருந்தன. இது நேராகப் போய் நடுவில் நின்றுகொண்டது. பெர்னிஸ் ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

"திரும்பிக்கூடப் பாக்கலடா" என்று சொல்லிக்கொண்டே கீழே வந்து பூட்ஸைக் கழற்றினார்.

குளிர்காலத்தில் ஊர்க்கூட்டம். மானின் கழுத்தில் கட்டிய ஜி.பி.எஸ். பட்டை கோடையில் அனுப்பிய வரைபடத்தை இங்க்ரிட் திரையில் காட்டினார். மூன்று ஏற்றம், இரண்டு இறக்கம்.

"இப்படி ஒரு கோடைகால நகர்வு எங்கயும் பதிவாகல. வெப்பநிலை காரணமா இருக்கலாம்."

பெர்னிஸ் எழுந்தார். "வெப்பநிலை இல்ல மேடம். நான்தான்."

சபை சிரித்து அடங்க நேரமானது. இங்க்ரிட் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அறிக்கையில் 'உள்ளூர்க் காரணி, ஒன்று' என்று வந்தது. அக்கா அந்தப் பக்கத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்.