பொட்டு வைத்த பந்து

ரெங்கசாமிப் பிள்ளை பந்துக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் நடக்கிற காரியம். பட்டுத்துணியால் துடைத்து, நடுவில் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்கு அடுத்தாற்போல் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்த்துவார். பிறகுதான் கோப்பி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரை அறியாதவர் இல்லை. ரயில்வே ஸ்டோரில் தலைமைக் குமாஸ்தா. அதற்கும் மேலே, அகில மலாயா இந்தியர் ரக்பி சங்கத்தின் தலைவர்.

ரக்பியை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். பாடாங் மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் சேற்றில் புரண்டுகொண்டிருந்தார்கள். பிள்ளை சாலையோரம் குடை பிடித்து நின்றார். அவர் கண்ணில் பட்டது ஆட்டம் அல்ல, கிளப் வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலிகள். அவற்றில் சாய்ந்திருந்தவர்கள் ஓடவுமில்லை, விழவுமில்லை. ஆனாலும் ஆடி முடித்தவர்கள் வந்து அவர்களிடம்தான் கை குலுக்கினார்கள். சங்கம் என்றால் என்னவென்று பிள்ளைக்கு அன்றே விளங்கிவிட்டது.

சங்கத்தின் வரலாற்றை அவர் கல்யாண வீட்டிலும் சொல்வார், கருமாதி வீட்டிலும் சொல்வார். "இருபத்தொம்பதாம் வருசம், விஜயதசமி அன்னிக்கு, நம்ம வீட்டு ஹால்ல, ஏகமனதா என்னையத் தலைவராப் போட்டாங்க" என்று தொடங்கும். நாற்காலிகள் அவர் வீட்டில் மட்டும்தான் இருந்தன என்பதைச் சொல்லமாட்டார். முதல் ஆண்டு உபதலைவர் பதவிக்குச் சண்டை. தோற்றவர் கோபித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய் அங்கே ஓர் அகில மலாயா சங்கம் தொடங்கினார். ஒரு நாட்டுக்கு இரண்டு அகிலம். அடுத்த ஆண்டு ரப்பர் முத்திரை செய்தார்கள், அதற்கடுத்து குரூப் போட்டோ. ஆடுவதற்கு ஆள் வேண்டுமே என்ற நினைப்பு அப்புறம்தான் வந்தது.

ஆட்கள் வந்தார்கள். ரயில்வே பட்டறை ஃபிட்டர் ஜெயராஜும் அவன் கூட்டாளிகளும். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பந்து ஒன்று வரவழைத்தார்கள். சங்கத்துச் சொத்து என்று பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொண்டார். "என்னா லா இது, கடைக்காரன் நசுங்கின பந்த அனுப்பிட்டான்" என்று முதலில் குதித்தவரும் அவரே. அதன் வடிவமே அதுதான் என்று ஜெயராஜ் சொன்னபோது, "எனக்குத் தெரியாதா?" என்றார். ஆயுத பூசை வந்தது. பந்துக்குப் பொட்டு வைத்தார். அதோடு பந்து சாமியாகிவிட்டது. "பூசையில வெச்ச பொருளு. கால் படலாமா?"

பையன்கள் மட்டை உரிக்காத தேங்காயை வைத்துப் பழகினார்கள். பிள்ளை, நாய் பெற்ற தெங்கம்பழம்போல, தானும் ஆடாமல் ஆடவும் விடாமல் பந்தைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி சீதாலெட்சுமிக்கே பொறுக்கவில்லை. "அந்தப் பெட்டியில ஒரு பிள்ளையார வெச்சிருந்தாலும் புண்ணியம் உண்டு" என்று அடுப்பங்கரையிலிருந்து சொல்வாள். அவர் காதில் ஏறாது.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் அணி ரயிலேறி வந்தது. ஜெயராஜ் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்த ஆட்டம் அது. அது நடந்துவிட்டால் அடுத்த மாதம் அவர்கள் அழைப்பார்கள், இரண்டு சங்கமும் ஒன்றாகிவிடும், ஆண்டுதோறும் ஆட்டம் உண்டு. தலைவர்களால் ஆகாததை ஒரு ஃபிட்டர் முடிக்கப் பார்த்தான். அழைத்தவர்கள் பந்து கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளையும் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

கொண்டுவந்தார். கோட்டு, தலைப்பாகை, குடை, ஜெயராஜைச் சுமந்து வரச் சொன்ன நாற்காலி, பந்துக்கு ஒரு மாலை. வரலாறு முழுவதையும் சொன்னார். கிள்ளான்காரர்கள் வெயிலில் நின்று கேட்டார்கள். பந்தை நடுவில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு ஜெயராஜ் கையை நீட்டினான்.

"ஐயா, பந்து."

"எதுக்கு?"

"ஆடுறதுக்குங்க."

"கொண்டாறேன்னு சொன்னேன், கொண்டாந்தேன். போட்டோவும் எடுத்தாச்சு. சாமிப் பொருள மண்ணுல போட்டு மிதிக்கலாம்னு சொன்னேனா?"

ஜெயராஜ் கெஞ்சிப் பார்த்தான். கடைசியில், வெட்கம் பிடுங்கித் தின்ன, போய்த் தேங்காயை எடுத்து வந்தான். கிள்ளான் அணித் தலைவன் அதையும் பார்த்தான், பிள்ளையையும் பார்த்தான்.

"தேங்கா ஒடைக்கணும்னா கோயிலுக்கே போயிருப்போம் லா. இனிமே எங்களக் கூப்பிடாதீங்க" என்று சொல்லித் தன் ஆட்களை ரயிலடிக்குக் கூட்டிப்போனான்.

மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஜெயராஜ் மட்டும் தேங்காயும் கையுமாக நடு மைதானத்தில் நின்றான். பிள்ளை எழுந்து குடையை விரித்தார். "டேய், ஏன் நனையிற? இங்க வா" என்று கூப்பிட்டார். மனுஷனுக்கு மனம் இளகிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான். கிட்டே வந்து, குடைக்குள் நுழையத் தலையைக் குனிந்தான். பிள்ளை பந்தை நெஞ்சோடு அணைத்து, மாலை நனையாதபடி குடையை அதன்மேல் சாய்த்துக்கொண்டு, நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.