ஆயுத பூஜையன்று அணைந்த இன்குபேட்டர்

1. சிவப்பு விளக்கு

'டப்' என்று ஒரு சத்தம். பல்பு போனால் கேட்குமே, அவ்வளவுதான். ஆனால் இன்குபேட்டரின் முகப்பில் ராத்திரி பகலாக எரியும் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே இருந்தவை மாதையன் என்ற நோயாளியின் எலும்பு மஜ்ஜை கொண்ட இரண்டு குழாய்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தசரா. மைசூரில் ஒரு சின்ன லேபில் நான் உதவியாளர். ரத்தத்திலும், நாங்கள் மேரோ என்று சொல்கிற எலும்பு மஜ்ஜையிலும் குரோமோசோம் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கும் இடம் அது. பார்ப்பது மேடம். நான் எட்டாவதோடு நின்றவள். கண்ணாடிச் சாமான் கழுவுவேன், கிருமி சாக ஆட்டோகிளேவ் போடுவேன், இன்குபேட்டரில் முப்பத்தேழு டிகிரி இருக்கிறதா என்று பார்ப்பேன். இந்தக் கடைசி வேலை எனக்கென்றே செய்தது மாதிரி. வீட்டில் கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்தால் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போகிற ஆள் நான்.

ஆயுத பூஜையன்று எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போடுவது எங்கள் வழக்கம். மேனேஜர் சிவண்ணா அதில் ரொம்பக் கண்டிப்பு. நான் காலையிலேயே போய் வாசலில் நின்றுகொண்டேன்.

"சார், இன்குபேட்டரை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. உள்ள பேஷண்டோட மேரோ இருக்கு."

"ஒந்து தினா ஆதரூ மெஷின்கெ ரெஸ்ட் பேக்கல்லம்மா!" என்றார், ஒரு நாளாவது மெஷினுக்கு ஓய்வு வேண்டாமா என்று. "நீயும் ரெஸ்ட் எடுக்கறதில்ல, அதையும் விடறதில்ல."

மேடம் வந்து சொன்ன பிறகு, சரி ஓடட்டும் என்று ஒப்புக்கொண்டார். கெட்ட மனசு கிடையாது அவருக்கு. ஓடுகிற மெஷினுக்கும் பொட்டு வைத்தார், மாலை போட்டார். கலசத்துத் தண்ணீரை மாவிலையால் தாராளமாகத் தெளித்தார். அந்தப் பெட்டியின் தலையில் காற்றுப் போகிற துளைகள் இருந்தன. தண்ணீர் அதன் வழியாக இறங்கியது. டப்.

"ஏனாய்த்து?", என்ன ஆச்சு என்று மாவிலையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார் சிவண்ணா. அவர் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

2. யாரும் சொல்லாமல் பெருகுகிற செல்

மாதையன் எல்லையோர மலைக்காட்டில் இருக்கிற கோபிநத்தத்துக்காரர், கட்டட வேலைக்காக மைசூர் வந்தவர். இடது பக்க வயிறு கல் மாதிரி வீங்கி, ஆள் பாதியாகிப்போயிருந்தார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். ஒன்று, உடம்பில் எங்கோ பெரிய கிருமித் தொற்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ரத்தப் புற்றுநோய். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. குரோமோசோம் ரிப்போர்ட் பார்க்காமல் மாத்திரை ஆரம்பிக்க மாட்டேன் என்று அவரைப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார்.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மேரோ எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்தும் மனுஷன் அலறிவிட்டார். எழுந்ததும் சொன்னார்:

"இன்னொரு தடவ குத்த வந்தீங்கன்னா, நான் மலைக்குப் போற பஸ்ஸப் புடிச்சு ஊருக்கே போயிருவனுங்க. அப்பறம் என்னத் தேட வேண்டாம்."

அவர் மனைவி பழனியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு சொன்னாச் செய்யற ஆளுங்கக்கா," என்றாள். காட்டில் சந்தனக் கடத்தல்காரர்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், ஊருக்குப் போகிற வழியில் பாலாறு செக்போஸ்ட்டில் போலீஸைத் தாண்டிப் போய் வருவதே ஒரு பாடு. ஊருக்குள் போனவர் திரும்பி வரமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆக, எடுத்த மேரோ அந்த இரண்டு குழாய்களில் இருந்ததுதான். அது செத்தால் ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லையென்றால் வைத்தியம் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாதாரண ரத்தம் வந்தால் அந்தக் குழாயில் பீன்ஸ் கொட்டைச் சாறு சேர்ப்போம். ராஜ்மா மாதிரி சிவப்புக் கொட்டையிலிருந்து எடுப்பது. அது போய்த் தட்டினால்தான் ரத்தத்தில் இருக்கிற செல் இரண்டாகப் பிரியும். பிரிகிற நேரத்தில் பிடித்தால்தான் குரோமோசோம் கண்ணுக்குத் தெரியும். மாதையன் குழாய்களுக்கும் வழக்கம்போல நான் அந்தச் சாற்றைத் தயாராக எடுத்து வைத்தபோது மேடம் கையைத் தட்டிவிட்டார்.

"இதுக்கு வேண்டாம். போட்டா நல்ல செல்லெல்லாம் எழுந்து ஆட ஆரம்பிச்சுடும். நமக்கு வேண்டியது ஒளிஞ்சுக்கும். எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வந்துடும்."

மேடம் மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். வீட்டுத் தமிழில்தான் என்னோடு பேசுவார். எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

"சிட்டி பஸ்ல போறியோன்னோ செல்வி? கண்டக்டர் விசில் ஊதினா டிரைவர் வண்டிய எடுப்பான். ஊதலைன்னா நிப்பான். செல்லும் அப்படித்தான். வெளில இருந்து ஒரு புரோட்டீன் வந்து வாசல்ல உக்காந்து சொல்லணும். உள்ள இருக்கற புரோட்டீனெல்லாம் அத ஒண்ணுக்கொண்ணு கைமாத்தி உள்ள வரைக்கும் கொண்டுபோகும். அப்பறம்தான் அது பெருகும்."

"இவருக்கு?"

"இவருக்கு அந்த வியாதியா இருந்தா, ஒம்பதாவது குரோமோசோம்ல ஒரு துண்டும் இருபத்திரண்டாவதுல ஒரு துண்டும் ஒடைஞ்சு எடம் மாறியிருக்கும். ரெண்டு ஜீன் பாதிப்பாதியா ஒட்டிண்டு புதுசா ஒரு புரோட்டீன் பண்றது. அது விசிலை வாயில வெச்சுண்டு எடுக்கவே எடுக்காத கண்டக்டர். டிரைவர் நிக்கவே மாட்டான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் உடம்புக்குள் எத்தனை கண்டக்டர்கள், அதில் எவன் விசிலை எடுக்காமல் இருக்கிறான் என்று யார் கண்டது?

3. பூஜையில் இருக்கும் டெஸ்டர்

மறுநாள் இன்குபேட்டர் அணைந்ததும் எலெக்ட்ரீஷியன் ராஜுவின் வீட்டுக்கு ஓடினேன். பக்கத்துத் தெருதான், தமிழ்ப் பையன். வாசலில் ஏணிக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தான்.

"அக்கா, டெஸ்டர், பிளையர், ஒயர் கட்டு எல்லாம் பூசைல வெச்சாச்சு. இன்னைக்குக் கைய வெச்சா வருசம் பூரா எனக்கு ஷாக்குதான்."

"ஒரு உசுரு சமாசாரம்டா ராஜு!"

"அதனாலதாங்கா சொல்றேன், என் உசுரும் உசுருதான். நாளைக்குப் பூசைய எடுத்ததும் மொத வேலை உங்களுது."

"கையாலயாவது வந்து பாரேன்."

"கையால பாத்தா பொட்டிதான் தெரியும்."

மைசூர் முழுக்க அன்று இதே கதைதான். எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரைத் தொட மாட்டான். பக்கத்துக் காலேஜில் இன்னொரு இன்குபேட்டர் உண்டு. தசரா லீவு, பூட்டு, சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை.

நான் திரும்பி வந்தபோது மேடம் இன்குபேட்டர் கதவைத் திறக்காமல் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது.

"வாளில சுடுதண்ணி வெச்சு அதுல வைக்கலாமா மேடம்?"

"யாரு பாத்துண்டே இருப்பா? கொஞ்சம் ஏறினா வெந்துடும், எறங்கினா தூங்கிடும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நோக்கு இப்ப காய்ச்சல் ஏதும் இல்லையே?"

"இல்ல மேடம். ஏன்?"

"மனுஷா உடம்பு முப்பத்தேழு டிகிரி. நெருப்பும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம். ஒரு குழாய் நான் வெச்சுக்கறேன். ஒண்ணு நீ வெச்சுக்கோ. ரெண்டும் ஒரே எடத்துல இருக்க வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு வா, எடுத்துடலாம்."

"மேடம்... அது எனக்குத் தொத்திக்குமா?"

மேடம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. "மூடி இறுக்கமா இருக்கு. தப்பித்தவறி ஒடைஞ்சாலும் அது இன்னொருத்தர் செல்லு. உன் உடம்பு அத உள்ள சேத்துக்காது, அடிச்சு வெரட்டிடும். பயந்துக்கோ, பரவாயில்ல. ஆனா குழாய விடாதே."

4. மடியில்

பஞ்சில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, மேலே துணி கட்டி, சேலை மடிப்புக்குள் அடிவயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அதைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். முப்பத்தாறு இருந்தால் குறைவு என்று பயம், கொஞ்சம் ஏறினால் காய்ச்சல் என்று பயம். சிவண்ணா கட்டடத்தைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது என் பக்கம் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். மன்னிப்பா, என் மடியில் இருந்த குழாய்க்குக் கும்பிடா தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுபவர். வாழைக்கன்று கட்டின ஆட்டோவோடு என்னைக் கூட்டிப்போக வந்து நின்றார். நான் ஏறி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். காந்திநகரில் வீட்டு வாசலில் வண்டிக்குப் பூஜை. பூசணிக்காய் தயார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் தயார். நான் மட்டும் குனியவில்லை.

"ஏன்டி, கோலத்தப் போடுன்னா செலையாட்டம் நிக்கற?"

"குனிய முடியாதுங்க."

"வயித்து வலியா?"

"இல்ல."

அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "அப்ப... விசேசமா?"

கல்யாணமாகி வெகு நாளாக எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வெளிச்சத்தை நான் அணைக்க வேண்டியிருந்தது. ஒரு நோயாளியின் மேரோ, புற்றுநோயா என்று பார்க்க எடுத்தது என்று சொன்னேன், எதனால் மடியில் என்றும் சொன்னேன். அவர் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"யாரோ ஒருத்தனோட புத்துநோய வவுத்துல கட்டிக்கிட்டு வந்திருக்க."

"புத்தா இல்லையான்னு இன்னும் தெரியாது. அதப் பாக்கத்தான்."

"தெரியாதுன்னா வெளில எறியறதுதான?"

நான் அழுதுவிட்டேன். எனக்கும் அதுதான் காலையிலிருந்து மனதில். எறிந்துவிட்டால், தவறி விழுந்தது என்றால், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மாதையன் மலை பஸ்ஸில் ஏறி உட்காருவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. "அந்த ஆளு திரும்பக் குத்த விட மாட்டாருங்க," என்றேன். "இது போனா அவரு போய்ருவாரு."

என் வீட்டுக்காரர் கோலத்தைத் தானே போட்டார், கோணலாக. பூசணிக்காயை உடைத்தார். பிறகு சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு லேபுக்குப் புறப்பட்டார். ஊர் முழுக்கத் தசராக் கூட்டம். ஒரு பள்ளத்தில்கூட வண்டியை வேகமாக இறக்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபோது தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "பொறுய்யா! உள்ள ஆஸ்பத்திரி இருக்கு!"

5. மாலையைக் கழற்றி

மேடம் முன்னாடியே வந்து வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்து வைத்திருந்தார். அவருடைய குழாயும் சூடாகவே இருந்தது. வீட்டில் பூஜைக்கு அத்தனை பேர் வந்திருக்க, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாராம்.

குழாய்களில் கோல்சிசின் என்ற மருந்தை விட்டார். பிரிந்துகொண்டிருக்கிற செல் அப்படியே பாதியில் நின்றுவிடும். அடுத்தது, குழாயை வேகமாகச் சுழற்றிச் செல்லை அடியில் படிய வைக்கிற சென்ட்ரிஃப்யூஜ். அதற்குச் சிவண்ணா பெரிய சாமந்தி மாலை போட்டிருந்தார். மேடம் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார், மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார், சுவிட்சைப் போட்டார். அது ஓடியது. குழாயின் அடியில் வெள்ளையாக, உளுந்து மாவைத் தொட்டு வைத்த அளவுக்கு, ஏதோ தங்கியிருந்தது.

"இருக்கு," என்றார் மேடம்.

6. சின்னது

ஸ்லைடு காய்ந்து, சாயம் ஏற்றி, மேடம் பார்த்து முடிக்க இன்னும் சில நாள் ஆனது. ராஜு மறுநாளே வந்து இன்குபேட்டரைச் சரிசெய்துவிட்டான். இரண்டு குழாயிலும் செல் கிடைத்தது. எதில் அதிகம் என்று மேடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். சிதறின சீரக விதை மாதிரி குரோமோசோம்கள். அதில் ஒன்று இருக்க வேண்டியதைவிடச் சின்னது. நுனி ஒடிந்தது. இருபத்திரண்டாவது. எந்தச் செல்லைப் பார்த்தாலும் அந்தச் சின்னது இருந்தது. விசிலை எடுக்காத கண்டக்டர் இவன்தான்.

நான் இதையா நாள் பூரா மடியில் வைத்துச் சூடு ஆறாமல் காப்பாற்றினேன்?

ரிப்போர்ட் டாக்டருக்குப் போனது. அன்றைக்கே மாதையனுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். வியாதியை வேரோடு எடுக்கிற மருந்து அப்போது கிடையாது, அடக்கி வைக்கத்தான் இருந்தது. தம்பியின் மேரோ அவருக்கு மாற்றி வைக்கச் சேருமா என்று பார்க்க ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். பழனியம்மா லேபுக்கு வந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் நேராக என்னிடமே வந்தாள்.

"அக்கா, டாக்டரு இங்கிலீசுல என்னமோ சொன்னாருங்க. நீங்க சொல்லுங்க. இது எதனால வந்துதுங்க?"

மேடம் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். உள்ளே இரண்டு துண்டு ஒடிந்து இடம் மாறிவிட்டது. ஏன் ஒடிந்தது என்று யாருக்கும் தெரியாது. அது பிறக்கும்போது வந்ததும் இல்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலைங்களா?"

"நீ என்னம்மா பண்ணுவ?"

"மலைச்சாமிக்கு நேந்துக்கிட்டத நான்தான் தள்ளிப்போட்டேன், அதான் புருசனப் புடிச்சிருச்சுன்னு மாமியா ஊரு பூராஞ் சொல்லிப்போட்டாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. பக்கத்துல படுக்கக்கூட பயந்துட்டு."

நான் ஈரக்கையோடு அவள் கையைப் பிடித்தேன். "ஸ்லைடுல நானே பாத்தேன். உம்பேரு அதுல எங்கயும் இல்ல."

அவள் அழவில்லை. மூக்கை உறிஞ்சி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாத்திரைக்கு நேரமாச்சுங்க, நாந்தான் குடுக்கோணும்," என்று போய்விட்டாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குழாயில் இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் நல்லதை மட்டும் பொறுக்கிக் காப்பாற்றுவது நம் வேலை இல்லை. எதுவாக இருந்தாலும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கெட்ட சேதிக்காகவும் ஒருத்தி வாசலில் காத்துக்கொண்டிருப்பாள்.

பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பயந்துகொண்டே செய்யுங்கள்.