முருகன் இல்லாத குன்று

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு குன்று இருந்தால் அதன் உச்சியில் முருகன் இருப்பார். யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கை தானாகக் குவியும். அந்தப் பழக்கத்தோடு ஜப்பானுக்குப் போனதுதான் வினையாயிற்று.

அங்கே இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். அதைத் தாய்வீட்டில் பார்ப்பதுதான் முறை. அவளால் வேலையை விட்டு வர முடியவில்லை. பிறகு டாக்டர் விமானமே ஏறக்கூடாது என்றுவிட்டார். சரி, தாய்வீடு கிளம்பிப் போகட்டும் என்று சுக்கும் மிளகுமாக மூட்டை கட்டினேன்.

மகளும் மாப்பிள்ளையும் குடியிருப்பது நகரத்தின் நடுவில், ஐந்தாம் மாடியில். பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே மரம் அடர்ந்த குன்று, அதைச் சுற்றி அகழி போலத் தண்ணீர், அப்புறம் வீடுகள், பஸ் ஸ்டாப். முதல் நாள் காலையே கும்பிட்டுவிட்டேன். ஜப்பானில் முருகன் ஏது என்று கேட்காதீர்கள். பெயர் வேறாக இருக்கும், ஆள் அவராகத்தான் இருப்பார் என்பது என் கணக்கு. தினமும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, "முருகா, புள்ள நல்லபடியாப் பெத்துப் பொழைக்கோணும்" என்று கேட்பேன். சாயங்காலம் நானும் மகளும் தண்ணீர்க்கரையோரம் ஒரு சுற்று நடப்போம். எனக்குக் கிரிவலம் போன திருப்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், வருகிறவர்களுக்கு ஒரு படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். மேலிருந்து எடுத்த படம். நாங்கள் சுற்றும் குன்றுதான், ஆனால் வட்டமும் வாலுமாகச் சாவித்துளை போல இருந்தது. தானாக முளைத்த குன்று அப்படி இருக்காதே என்று எனக்குச் சுருக்கென்றது.

"என்ன கண்ணு சொல்றாரு?"

மகள் வேறு பக்கம் பார்த்தாள். "ரொம்பப் பழசுங்கமா."

"பழசு செரி. என்ன பழசு?"

"சமாதிங்கமா. அந்தக் காலத்து ராசா ஒருத்தரோடது. மண்ணக் கொட்டிக் கட்டுனாங்களாமா."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். நிறைமாசப் பெண்ணைத் தினமும் புதைமேட்டைச் சுற்ற வைத்திருக்கிறேன். போதாததற்கு உள்ளே கிடப்பவரிடம் பிரசவத்துக்கு மனு வேறு. வந்த கோபத்தில் அந்தப் பெரியவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் மகளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"எதையும் தொடாதே. மொதல்ல தலைக்குத் தண்ணி வாத்துக்க" என்றேன். நானும் குளித்தேன். மாப்பிள்ளை நான் சொல்லாமலே தானும் போய்க் குளித்துவிட்டு வந்தார், பிழைக்கத் தெரிந்தவர். மறுநாளிலிருந்து பால்கனித் திரையை இழுத்து மூடினேன். நடையும் வீட்டுக்குள்ளேதான். சோபாவுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து அவள் முகம் வாடிப்போனது.

ஒரு காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னிக்கும் கும்பிடலீங்களாமா?"

"சமாதியக் கும்பிடச் சொல்றயா?"

"அது சமாதின்னு எனக்கு மொதல்ல இருந்தே தெரியுங்கமா."

"தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்த?"

"நீங்க கும்பிட்டுட்டுத் திரும்பறப்ப மூஞ்சி தெளிவா இருக்குங்க. அதப் பாத்தாத்தான் எனக்குத் தைரியமா இருந்துச்சு. அதான் சொல்லலீங்க."

ஊரிலிருந்து போனில் யார் கேட்டாலும், "பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சிரிக்கிறவள் அவள். நானும் அதை நம்பியிருந்தேன். பெற்றவளுக்கே தெரியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

பகலெல்லாம் யோசித்தேன். தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்து மூலையில்தான் என் மாமனாரைப் புதைத்தோம். இவள் கல்யாணப் பத்திரிகையை முதலில் வைத்துக் கும்பிட்டதும் அங்கேதான். நம் வீட்டு ஆள் மண்ணுக்குள் போனால் சாமி, அடுத்தவர் வீட்டு ஆள் போனால் தீட்டா? என் நியாயம் எனக்கே சிரிப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் நானே செருப்பை மாட்டிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். தண்ணீர்க்கரையில் கம்பிவேலியோரம் நின்று வாய்விட்டே சொன்னேன்.

"ஏனுங்க, நீங்க ஆருன்னு எனக்குத் தெரியாதுங்க. இத்தன நாளா முருகன்னு கூப்புட்டுப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. எம் புள்ளயப் பாத்துக்கோங்க."

மகள் சிரிப்பாள் என்று திரும்பினேன். அவள் கைகூப்பி நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"பயமா இருக்குதுங்கமா."

"எனக்குந்தான் கண்ணு. அதுக்குத்தானே வந்திருக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சுற்று முடியும்வரை விடவில்லை.

பிரசவ அறைக்குள் மாப்பிள்ளை நிற்பதாகத்தான் பேச்சு. கடைசி நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள். குழந்தையின் அழுகை கேட்ட பிறகுதான் என் கையை விட்டாள். நர்ஸ் பேத்தியைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள். எனக்கோ விரல்கள் மரத்துப்போய் மடங்கவே இல்லை.

"கொஞ்சம் பொறு தாயி, கைக்கு உசுரு வரட்டும்" என்று தமிழிலேயே சொன்னேன்.