மூர்த்தி வண்டியோட பிரேக் ஆட்டம்

கார் மெக்கானிக்குக்கு ஸ்டார்ட் ஆவாத வண்டி வந்தா கவலையே இல்ல. அது எங்கயும் போவாது, யாரையும் கொல்லாது. நல்லா ஓடுது, பிரேக் அடிச்சா மட்டும் ஆடுதுன்னு ஒண்ணு வந்து நின்னுது பாருங்க, அன்னிலேர்ந்து சோறு எறங்காது. ஒர்க்‌ஷாப் வச்சிக்கினு கீறவங்களுக்கும், அப்டி ஒரு வண்டிய ஓட்டிக்கினு கீறவங்களுக்கும் நான் படற அவஸ்தை புரியும்.

வாயால சொல்லாத கோளாறு

உத்திரமேரூர்ல நம்ம கடைக்கு மூர்த்தி வந்தாரு. சாலவாக்கம் பக்கம், சொந்தக் கார வாடகைக்கு ஓட்றவரு. இன்னா ப்ராப்ளம்னு கேட்டதுக்கு வாயால சொல்லல. ரெண்டு கையையும் ஸ்டியரிங் புடிக்கிற மாதிரி வச்சி கடகடன்னு ஆட்டிக் காமிச்சாரு. ஓட்டிப் பாத்தேன். அறுபதுல போயி பிரேக் அழுத்தினா ஸ்டியரிங் ஒதறுது, பெடல் காலத் திருப்பி ஒதைக்கிது. முன்சக்கரத்துல பிரேக் புடிக்கிற இரும்புத் தட்டு, அதான் டிஸ்க்கு, நெளிஞ்சிருந்தா இப்டித்தான் ஆவும். கழட்டி, லேத்துல குடுத்து ரெண்டு டிஸ்க்கையும் சீவி மாட்டினேன். சத்தம் காட்டாம நின்னுது.

அவருக்கு அது போதல. பொண்ணு பவானி தலைப்பிரசவத்துக்கு வந்து கீறாளாம். பிரஷர் கீறதால, வலி எடுத்தா ஒடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம். இந்த வண்டியிலதான் போவணும். சாவிய வாங்கியும் கெளம்பாம நின்னுக்கினு சொன்னாரு: "ணா, நான் ஓட்றப்போ ஆடினா போவுது. எம்பொண்ணு ஏறும்போது ஆடக் கூடாது."

புது டிஸ்க்கு, பழைய ஆட்டம்

அந்த மாசம் முடியல, மறுபடியும் வந்துட்டாரு. அதே ஒதறல். சீவின டிஸ்க்கோட மல்லுக்கட்ட வேணாம்னு டிஸ்க்கு, பேடு ரெண்டும் புதுசா போட்டேன். டிஸ்க்கு ஒக்கார்ற எடத்துல துரு இருந்தாக்கூட ஆடும், அத்த உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். பேரிங் பாத்தேன், புஷ்ஷு பாத்தேன், வீல் போல்ட்ட ஒண்ணுக்கு ரெண்டு தபா முடுக்கினேன். கொஞ்ச நாள் போச்சு, திரும்பவும் ஆடுது.

பிரேக் புடிக்காம போவாது, வண்டி ஆடும், அவ்ளோதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சி இன்னா பண்றது? போன் அடிச்சாலே அந்தப் பொண்ணுக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சின்னு ஸ்பேனரப் போட்டுட்டு ஓடுவேன். ஒரு நாள் அடிச்சது மூர்த்தி சம்சாரம் தனம். சண்டைக்கு வருவாங்கன்னு பாத்தா, ரொம்பப் பொறுமையா கேட்டாங்க: "சரியாயிடுச்சின்னு நீ சொன்னா இவரு நம்பிட்றாரு. நான் எத்த வச்சி நம்பறது, ணா?"

கூடவே போனேன்

இத்தினி தபா கழட்டியும் கோளாறு சிக்கலன்னா அது ஓட்றதுலதான் கீதுன்னு முடிவு பண்ணேன். அந்த டிஸ்க்கையும் சீவிப் போட்டுட்டு, அடுத்த சவாரிக்கு நானும் ஏறிட்டேன். ஓரிக்கை ஊர்ல ஒரு சாவு. நம்ம பக்கம் கல்யாணத்துக்கு பஸ்ல போயிடுவாங்க, சாவுக்குத்தான் காரு. பொணம் எடுக்கறதுக்குள்ள போய்ச் சேரணும் இல்ல? அதனால மூர்த்திக்கு முக்காவாசி சாவு சவாரிதான். மனுசன் நல்லாத்தான் ஓட்றாரு. பிரேக் மேல கால வச்சிக்கினே வர்ற பழக்கம்கூட இல்ல. போக வர ஒரு ஆட்டமும் இல்ல.

வூட்டாண்ட வந்து நின்னா, தனம் ரெண்டு பெரிய வாளியோட தயாரா நிக்கிறாங்க. நான் எறங்கறதுக்குள்ள முன்சக்கரத்துல வீசி ஊத்தினாங்க. சொய்ங்னு ஆவி கெளம்புச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு. காஞ்ச தோசைக்கல்லுல ஊத்தறாப்ல சவாரிக்கு சவாரி இப்டி ஊத்தினா டிஸ்க்கு நெளியாம இன்னா பண்ணும்? எப்பலேர்ந்து இந்தப் பழக்கம்னு கேட்டேன். முன்னாடி ஒரு சொம்பு தெளிக்கிறதோட சரியாம்; பொண்ணு வந்ததுலேர்ந்துதான் வாளி. டிஸ்க்கு சமாச்சாரத்த சொன்னேன். தனம் என்னைத்தான் வெவரம் கெட்டவன் மாதிரி பாத்தாங்க: "சாவு வூட்டுத் தீட்டோட வண்டிய எப்டி உள்ள வுடறது? வூட்ல புள்ளத்தாச்சி கீறா இல்ல?"

சூடு ஆறாத வண்டி

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சக்கரம் ஆற வரைக்கும் வண்டி தெருவுலயே நிக்கணும், அப்புறந்தான் தண்ணி. அது வரைக்கும் மூர்த்தியும் உள்ள போவ முடியாது. வெயில்ல ஒக்காந்து கீறவர பொண்டாட்டி தொரத்திட்டாளான்னு போறவங்க வர்றவங்க எல்லாம் கேட்டாங்க.

அப்புறம் தென்னேரில என் சொந்தத்துலயே ஒரு சாவு. மூர்த்தி வண்டியிலயே போயிட்டு மத்தியானம் திரும்பினோம். தெருவுல நொழையறப்பவே தெரிஞ்சிடுச்சு. பவானி வாசக் கேட்டப் புடிச்சிக்கினு குனிஞ்சி நிக்கிறா, வலி எடுத்துடுச்சு. பக்கத்துல தனம், கையில வாளி. சக்கரம் நெருப்பா கீது. ஊத்தினா செங்கல்பட்டு வரைக்கும் ஆட்டத்தோட போவணும். ஊத்தலன்னா இந்தம்மா பொண்ண ஏத்தவே மாட்டாங்க.

தனம் சக்கரத்தப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. எறங்கி ஓடியாந்த மூர்த்தி தலை மேல வாளிய அப்டியே கவுத்தாங்க. அடுத்த வாளி எனக்கு. சீட்டு மேல தொவச்ச போர்வைய விரிச்சி பொண்ண ஒக்கார வச்சி, பக்கத்துல ஏறிக்கினாங்க. வழி பூரா நான் சொட்டச் சொட்ட முன்சீட்ல ஒக்காந்து, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் ஸ்டியரிங்கயே பாத்துக்கினு வந்தேன். ஆடல. சாயங்காலம் பேத்தி பொறந்து, தாயும் புள்ளையும் நல்லா கீறாங்கன்னு நர்ஸம்மா சொன்னப்புறந்தான் மூர்த்திக்குப் பேச்சே வந்துது. எதுக்கு எங்க மேல ஊத்தினேன்னு பொண்டாட்டியக் கேட்டாரு. தனம் சொன்னாங்க: "சூட்டுல ஊத்தினா டிஸ்க்கு நெளியும்னு மெக்கானிக்கு சொன்னாரு. உங்க தலையில இன்னா டிஸ்க்கா கீது?"

இப்போல்லாம் பிரேக் ஆடுதுன்னு யாரு வந்தாலும், சக்கரத்தக் கழட்டறதுக்கு முன்னாடி உங்க பக்கம் சமீபத்துல எதுனா சாவு ஆச்சான்னு கேக்கறேன்; பாதிப் பேரு வேற மெக்கானிக்கத் தேடிப் போயிட்றாங்க.