பழவேற்காட்டில் சிமெண்ட் விற்கிறவன் பாடு

சிமெண்ட் கடைன்னா மூட்டையை எண்ணித் தூக்கிவிடற வேலைன்னு நினைக்கிறவங்க, உப்புத் தண்ணி சூழ்ந்த ஊர்ல ஒரு கடை போட்டுப் பாருங்க. சரக்கைப் பத்தி உண்மையைச் சொல்லி வியாபாரம் பண்ற பாவப்பட்ட ஜென்மங்களுக்கு மட்டும் நான் சொல்றது புரியும்.

வெளுப்பா இருந்தா மட்டமாம்

வீடு கட்ட வந்த ஒரு படகுக்காரர்கிட்ட ஸ்லாக் சிமெண்ட்டைப் பிரிச்சுக் காட்டினேன். இரும்பு உலைக் கசடை அரைச்சுச் சேர்த்தது, கொஞ்சம் வெளுப்பாத்தான் இருக்கும், ஆனா உப்பை லேசுல உள்ளே விடாதுன்னு தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னேன். விரல்ல தேய்ச்சுப் பார்த்தார். "இன்னா சார், கோலமாவ மூட்டை கட்டி வெச்சிருக்கீங்க"ன்னுட்டு பொன்னேரிக்கு பஸ் ஏறிட்டார்.

சீக்கிரம் இறுகின வீடு

அங்கே அவர் வாங்கினது கறுப்பா, சட்டுனு இறுகற சரக்கு. சீக்கிரம் பலம் குடுக்கற சிலிக்கேட் அதுல தூக்கல். சரிதான், ஆனா அலுமினேட்டும் ஜாஸ்தி. ஏரித் தண்ணியில இருக்கற சல்பேட் அந்த அலுமினேட்டோட சேர்ந்தா உள்ளுக்குள்ளயே உப்பி கான்கிரீட்டை வெடிக்க வெச்சுடும். சில மழைக்காலம் போனதும் அடித்தூணெல்லாம் கையோட உதிர்ந்துது. பெண்டாட்டி புள்ளைங்களோட குடிசைக்கே திரும்பிட்டார். பார்க்கப் போனேன், வாசல்ல பூசணிக்காய் கட்டிட்டிருந்தார். "சிமெண்ட் மேல குத்தம் இல்ல சார், ஊர்க்கண்ணு."

தேவகி வீட்டுத் தளம்

என் பேச்சைக் கேட்டது தேவகி ஒருத்திதான். ஏரியில இறங்கிக் கையாலயே எறா தடவிப் பிடிக்கற பொண்ணு. அவளோட நைனா மூச்சுத்திணறலோட படுக்கையில கெடந்தார். சாகறதுக்குள்ள ஒரு நாளாவது ஒழுகாத தளத்துக்குக் கீழே படுக்கணும்னு அவருக்கு ஆசை. அதுக்குத்தான் இந்த வீடே. ஸ்லாக்தான் போடணும்னேன், மறுபேச்சு பேசாம போட்டா.

தளம் போட்டதும் ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. கசடு கலந்தது மெதுவாத்தான் பலம் பிடிக்கும், குளிர்ல இன்னும் மெதுவு. தளத்தைத் தாங்கற சென்ட்ரிங்கைப் பிரிக்கலாமான்னு தினம் கடைக்கு வந்து கேப்பா. பிரிச்சுடலாம்னார் மேஸ்திரி. பிரிச்சா தளம் தலை மேல இறங்கும்னு கத்தினவன் நான்தான்.

நைனா குடிசையிலயே, ஒழுகற கூரைக்குக் கீழேயே போய்ச் சேர்ந்துட்டார். பொணத்தையாவது புது வீட்டுல கெடத்தலாம்னா அறை பூரா முட்டுக்கழி. வெளியே தார்ப்பாய் கட்டிப் போட்டிருந்தாங்க. மாலையோட போன எனக்கு அழுகையை அடக்க முடியல. ஒரு ஓரமா நாலு கழியை எடுத்து இடம் பண்ணட்டுமான்னு மேஸ்திரி கேட்டார். தேவகி தளத்தை நிமிர்ந்து பார்த்தா.

"இருக்கட்டும்ணா. நல்லா இறுகட்டும். இனிமே இன்னா அவசரம்."

அந்தத் தளம் இன்னிக்கும் ஒரு கீறல் இல்லாம நிக்குது, அதை யார்கிட்ட போய்ப் பெருமையாச் சொல்லிக்கறதுன்னுதான் தெரியல.